வீட்டுக்கொரு பாத்தி

திருவண்ணாமலை கல்லின் ஊர். மலையும் கல், மதிலும் கல், மண்ணைத் தோண்டினால் அங்கும் கல். கோபுர நிழல் விழும் தெருக்களில் வீடுகள் ஒன்றன் தோளை ஒன்று தொட்டு நிற்கின்றன. மலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் வழியில் முழுநிலா நாள்தோறும் மக்கள் வெள்ளம் பெருகுகின்றது. இத்தனை பேர்க்கும் உணவு வேண்டும். காயும் கீரையும் வேண்டும். வைகறையில் கடைத்தெருவுக்குச் செல்பவர், நெடுந்தொலைவிலிருந்து வந்த காய்கறி மூட்டைகள் வண்டிகளிலிருந்து இறக்கப்படுவதைக் காண்பர். பெரியதோர் ஊருக்கு உணவு வெளியிலிருந்து வருவது வியப்பன்று. ஆனால், ஒரு வீட்டுக்கு வேண்டிய ஒரு பிடிக் கீரையும், இரண்டு பச்சை மிளகாயும், ஓர் இணுக்குக் கறிவேப்பிலையும்கூட வெளியிலிருந்தே வரவேண்டுமா? இதுவே யான் இங்கு எழுப்பும் வினா.

பண்டைத் தமிழர் மனையைச் சார்ந்த தோட்டத்தைப் ‘படப்பை’ என்றனர். பிற்காலத்தார் அதனைக் ‘கொல்லை’ என்றும் ‘புழைக்கடை’ என்றும் வழங்கினர். என் இளமையில் எங்கள் தெருவில் கொல்லை இல்லாத வீடு அரிது. கிணற்றடியில் வாழை நிற்கும். குளித்த நீர் அதன் அடியைச் சென்று சேரும். வேலியோரத்தில் முருங்கை நிற்கும். கூரையின்மேல் சுரையும் பூசணியும் படர்ந்து கிடக்கும். அடுப்பில் உலையை ஏற்றிவிட்டுக் கொல்லைக்குச் சென்று கீரை பறித்து வருவது தாய்மார்க்கு இயல்பான செயல். பின்னர்க் குடும்பங்கள் பெருகின, கொல்லைகள் அறைகளாயின. எஞ்சிய இடத்திலும் சிமெண்டுத் தளம் பரவிற்று. மழைநீர் மண்ணுக்குள் புகுவதற்கும் வழியற்றுப் போயிற்று. இன்று பல வீடுகளில் கொல்லைப்புறக் கதவு உண்டு. கதவுக்கு அப்பால் கொல்லை இல்லை.

யான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். திருக்குறளின் 104ஆம் அதிகாரமாகிய உழவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்க்கு நடத்தினேன். எரு இடுதலும், களை எடுத்தலும், பயிர் காத்தலும் எத்துணை இன்றியமையாதன என்று பரிமேலழகர் உரையோடு விரித்துரைத்தேன். ஆயினும், ஓய்வு பெறும் நாள்வரை என் கையால் ஒரு விதையும் மண்ணில் விழுந்ததில்லை. சுண்ணக்கட்டி பிடித்த கை மண்வெட்டியைப் பிடித்ததில்லை. இக்குறை என் நெஞ்சை உறுத்தியது. ஓய்வு பெற்ற ஆண்டில், வீட்டின் பின்புறத்தில் எஞ்சியிருந்த சிறிய இடத்தில் தோட்டம் போடத் துணிந்தேன்.

கழனிகளில் கண்டவாறே தரையைக் குழித்து, நாற்புறமும் வரப்பெடுத்து, நடுவில் அரைக்கீரை விதைத்தேன். அரை அடிக்குக் கீழே கடப்பாறை கல்லில் மோதியது, அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆடியில் விதைத்த கீரை ஆவணியில் பசுமையாக எழுந்தது. யானும் உள்ளம் பூரித்தேன். ஐப்பசி மழை வந்தது. குழியில் விழுந்த நீர் கீழே இறங்க வழியின்றி மூன்று நாள் தேங்கிற்று. இலைகள் மஞ்சளாயின, வேர்கள் அழுகின. மழை விட்டபின் மீண்டும் விதைத்தேன். கார்த்திகை மழையில் அதுவும் அழிந்தது. ‘இந்த மண்ணில் ஒன்றும் விளையாது’ என்று முடிவு கட்டி மண்வெட்டியை மூலையில் சாத்தினேன்.

தலையில் கூடை சுமந்து எங்கள் தெருவில் நாள்தோறும் கீரை விற்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. அவர் ஒருநாள் வாயிலில் நின்று, “ஐயா, நீங்கள்தாம் தோட்டம் போட்டீர்களே! இன்னும் என்னிடம் கீரை வாங்குகின்றீர்களே!” என்றார்.

“மண் சரியில்லை அம்மா” என்றேன்.

அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லைக்கு வந்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களால் பிசைந்து பார்த்தார். “மண்ணைக் குறை சொல்லாதீர்கள் ஐயா. கீழே பாறை, மேலே நீர். வேர் எங்கே போகும்? உங்களை மூன்று நாள் கழுத்தளவு நீரில் நிறுத்தி வைத்தால் நீங்கள் தாங்குவீர்களா? பள்ளம் பறிக்காதீர்கள், மேடு கட்டுங்கள்” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சென்றார். முப்பது ஆண்டு உரை கூறிய யான் அறியாததை, எழுத்தறியாத அவ்வம்மையார் ஒரு பிடி மண்ணில் படித்துவிட்டார்.

அவர் சொன்ன மேடே மேட்டுப்பாத்தி எனப்படுவது. நிலத்தைக் குழித்துச் செடி வைப்பதற்கு மாறாக, நிலத்தின்மேல் கரை கட்டி, அதனுள் நல்ல மண்ணை நிரப்பிச் செடி வளர்க்கும் முறை இது. இதன் அகலம் 4 அடிக்கு மேற்படலாகாது. இருபுறமும் நின்று கை நீட்டினால் நடுவிடம் எட்டவேண்டும் என்பதே அவ்வளவின் காரணம். ஒருபுறம் சுவராயின் 2 அடி போதும். உயரம் ஓர் அடி. நீளம் இடத்திற்கேற்றபடி அமையலாம். இரண்டு பாத்திகளுக்கிடையே ஒன்றரை அடி வழி விடவேண்டும். நடப்பதும் நிற்பதும் அவ்வழியிலேயே ஆதல் வேண்டும். பாத்தியின்மேல் கால் படுதல் கூடாது. கால்பட்ட மண் இறுகும். இறுகிய மண்ணில் காற்றுப் புகாது. காற்றுப் புகாத மண்ணில் வேர் மூச்சுவிட இயலாது. வேருக்கும் மூச்சு உண்டு என்பதை என் அரைக்கீரை எனக்குக் கற்பித்தது.

கரை கட்டக் கல் வேண்டுமெனின், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. உடைந்த செங்கல்லும், பழைய தென்னைமரத் துண்டும் பயன்படும். கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கினால் மிகுந்த நீர் இடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறும். முதலில் அடிநிலத்தைக் கடப்பாறையால் இயன்றவரை இளக்கவேண்டும். அதன்மேல் தேங்காய் மட்டையும் காய்ந்த சருகும் பரப்பவேண்டும். அவற்றின்மேல் செம்மண் இரண்டு பங்கும், மக்கிய தொழுவுரம் ஒரு பங்கும், மணல் ஒரு பங்கும் கலந்து நிரப்புதல் நலம். 8 அடி நீளமும் 4 அடி அகலமும் ஓர் அடி உயரமும் உள்ள பாத்திக்கு 32 கன அடி நிரப்பு வேண்டும். இஃது ஒருநாளில் சுமந்து முடிக்கத்தக்கதன்று. நாளுக்குச் சில கூடையாகக் கொட்டி நிரப்பலாம். சருகு மக்க மக்க மண் தாழும். ஒவ்வொரு பட்டத்திற்கும் புதிதாக எருவிட்டு அத்தாழ்வை நிரப்பவேண்டும். சமையலறையில் கழியும் தோலும் காம்பும் மக்கி அவ்வெருவாகும்.

இம்முறையின் நன்மையை மழைக்காலமே நன்கு காட்டும். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இவ்வூரில் பெருமழை பெய்தது. திசம்பர் 1ஆம் நாள் நம் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டன. அத்துயரின் முன்னே தோட்டத்தின் ஆக்கமும் அழிவும் பேசத்தக்கன அல்ல. எனினும், இம்மண்ணில் மழை எத்துணைக் கடுமையாக இறங்கும் என்பதை அன்று யாவரும் கண்டோம். அத்தகைய மழையில் தாழ்ந்த பாத்தி குளமாகின்றது. உயர்ந்த பாத்தியோ வேண்டும் நீரை உண்டு, வேண்டாத நீரை விட்டுவிடுகின்றது.

மேட்டுப்பாத்தியே எங்கும் எக்காலத்தும் சிறந்தது என்று யான் சாதிக்கவில்லை. உயர்ந்து நிற்பதால் அது விரைவில் காயும். சித்திரை, வைகாசி வெயிலில் அதன் பக்கங்கள் சுடும். எனவே, அக்காலத்தில் பாத்தியின் நடுவைத் தட்டுப்போலச் சிறிது தாழ்த்தி, சருகாலும் வைக்கோலாலும் மூடாக்கு இடவேண்டும். காலையிலோ மாலையிலோ நீர் விடுதல் வேண்டும்; உச்சிப்பொழுதில் விடும் நீரில் பெரும்பகுதி வெயிலுக்கே உணவாகும். மழை குறைந்த மணற்பாங்கான நிலங்களில் தாழ்ந்த பாத்தியே ஏற்றது. நிலத்தை அறிந்து பாத்தியை அமைக்கவேண்டுமேயன்றிப் பாத்தியை வைத்து நிலத்தை வற்புறுத்தலாகாது.

இனி, எதனை விதைப்பது? விரைவில் பயன் தருவது கீரை. முளைக்கீரை விதைத்த 25 நாள்களில் பறிக்கத்தக்கதாகும். பாத்தியில் பாதியைக் கீரைக்கென்று ஒதுக்கி, அதனை நான்காகப் பகுத்து, வாரத்திற்கு ஒரு பகுதியாக விதைத்து வந்தால், முதற்பகுதி அறுவடையாகும்போது நான்காம் பகுதி முளைவிடும்; வீட்டில் கீரை அறாது. மற்றொரு பாதியில் வெண்டையும் கத்தரியும் மிளகாயும் வைக்கலாம். வெண்டை ஏறத்தாழ 45 நாளில் காய்க்கத் தொடங்கும். கத்தரியையும் மிளகாயையும் நாற்றுவிட்டுப் பிடுங்கி நடவேண்டும். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய அவரை மார்கழி, தைத் திங்களில் பந்தல் நிறையக் காய்க்கும். அப்பந்தலைப் பாத்தியின் வடபுறத்தில் இட்டால் ஏனைச் செடிகளுக்கு வெயில் மறையாது. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் பாத்தி வேண்டா, வேலியோரம் போதும். அசுவினிக்குச் சாம்பல் தூவலாம். பிற பூச்சிகளுக்கு வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகளுக்குத்தான் மருந்தில்லை! அவை உண்டது போக எஞ்சியது நமக்கு என்று அமைவதே அறிவுடைமை.

இவ்வாறு சொல்லும்போது சிலர் தடை எழுப்புவர். “இடம் ஏது?” என்பர். இரண்டடி அகலமுள்ள சுவரோரமும் ஒரு பாத்திக்கு இடமே. அதுவும் இல்லாதார்க்கு மாடி உண்டு. 2013-14ஆம் ஆண்டில் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்திற்கு வேண்டிய பைகளும் விதைகளும் மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. “நீர் ஏது?” என்பர். அரிசியும் காயும் கழுவிய நீர் நாள்தோறும் எத்தனை குடம் வீணாகின்றது என்று அளந்து பார்த்தவர் இவ்வினாவைக் கேளார். சவர்க்காரம் கலந்த நீரைக் கீரைக்கு விடலாகாது. அதனை வாழைக்கு விடலாம்.

“கடையில் மலிவாகக் கிடைக்கும் கீரைக்கு இத்துணை உழைப்பா?” என்பர் வேறு சிலர். பணக் கணக்கில் அவர் கூற்றில் உண்மை உண்டு. முதலாண்டில் எனக்கு மிச்சமானது பெரிதன்று. ஆனால் உணவு என்பது பணக் கணக்கில் அடங்குவதன்று. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் கனியும் உண்ணவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. விலைகொடுத்து வாங்கும் வீட்டில், கை முடைப்படும்போது முதலில் குறைவது காய்கறியே. அரிசியை எவரும் குறைப்பதில்லை. வாயிலருகே விளையும் கீரையோ விலையேற்றத்தை அறியாது.

“வீடுதோறும் கீரை விளைந்தால் கீரை விற்பவர் பிழைப்பு என்னாவது?” என்றும் ஒருவர் வினவினார். இது நெஞ்சில் ஈரமுள்ள வினா. ஒரு பாத்தி ஒரு குடும்பத்தின் முழுத் தேவையையும் நிறைவு செய்யாது. யான் இன்றும் அம்மூதாட்டியாரிடம் வாரத்தில் மும்முறை வாங்கியே வருகின்றேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முன்பு ஒரு கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதிட்டவன், இப்போது வாய் திறவாமல் கேட்ட விலையைக் கொடுக்கின்றேன். கீரை வளர்த்தவன் கீரை விற்பவரிடம் பேரம் பேசான். அவ்வுழைப்பின் எடையை அவன் முதுகு அறியும்.

நாடுகளும் இவ்வுண்மையை இடர் வந்தபோது உணர்ந்துள்ளன. 1965ஆம் ஆண்டில் நம் நாட்டில் உணவுப் பற்றாக்குறை நேர்ந்தபோது, தலைமை அமைச்சர் இலால் பகதூர் சாத்திரியார் தம் இல்லத்துப் புல்வெளியை உழுது பயிரிட்டார். 1991ஆம் ஆண்டில் சோவியத்து ஒன்றியம் கலைந்தபின் கியூபா நாட்டிற்கு எண்ணெயும் உரமும் உணவும் வருவது பெரிதும் குறைந்தது. அவானா நகர மக்கள் வெற்று மனைகளில் கல்லாலும் செங்கல்லாலும் கரை கட்டி, மக்கிய உரமும் மண்ணும் நிரப்பி, உயர்ந்த பாத்திகளில் காய்கறி விளைவித்தனர். நம் தெருக் கீரைக்கார மூதாட்டியார் சொன்னதையே கடலுக்கப்பால் ஒரு நகரமே செய்து பசியாறியது. இடர் வந்தபின் கற்பதினும் வருமுன் கற்பது நன்றன்றோ?

மாணவர்களே! இனி யான் கூறப்போவது உங்களைச் சார்ந்தது. என் குற்றத்தையும் சார்ந்தது. யான் பணியாற்றிய பள்ளியில் சிறு தோட்டம் ஒன்று இருந்தது. செய்யுளை ஒப்பியாத மாணவனையும், காலந்தாழ்ந்து வந்த மாணவனையும் அத்தோட்டத்திற்கு அனுப்புவேன். “பத்துக் குடம் நீர் ஊற்றிவிட்டு வா” என்பேன். “களை பிடுங்கிவிட்டு வா” என்பேன். வகுப்பறைக்குள் உழவைத் தலையாய தொழில் என்று போற்றினேன்; வகுப்பறைக்கு வெளியே அதனைத் தண்டனையாக்கினேன். நாவால் உயர்த்தியதைக் கையால் தாழ்த்தினேன். உழவர் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வகுப்பில் இருந்தனர். தம் தந்தையார் நாள்தோறும் செய்யும் வேலை, பள்ளியில் குற்றத்திற்குத் தரும் ஒறுப்பாக இருப்பதைக் கண்டு அவர்கள் உள்ளம் என்ன எண்ணியிருக்கும்? அன்று யான் நினைத்துப் பார்க்கவில்லை. என் பாத்தியில் குனிந்து களை பிடுங்கும்போதெல்லாம் இன்று நினைக்கின்றேன்.

இவ்வூரில் வாழ்ந்த இரமண மகரிசியை (1879–1950) காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்தனர். அவரோ வைகறையில் ஆசிரமத்துச் சமையற்கூடத்தில் அமர்ந்து, ஏனையோரோடு காய் நறுக்கினார். உணவை ஆக்கும் வேலை எவர்க்கும் தாழ்வன்று என்பதை அவர் சொல்லாமற் சொன்னார். அத்தகைய ஊரில் இருந்துகொண்டே தோட்டவேலையைத் தண்டனையாக்கிய என் அறியாமையை எண்ணி நாணுகின்றேன்.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. பள்ளித் தோட்டத்தை ஒறுக்கும் இடமாக்காதீர்கள். பாடம் நடத்தும் இடமாக்குங்கள். ஒரு பாத்தியில் எல்லாப் பாடமும் உண்டு. நீள அகலம் அளப்பது கணக்கு. வேர் மூச்சுவிடுவது அறிவியல். பட்டம் அறிவது பருவநூல். ‘நாற்று’, ‘பட்டம்’, ‘மூடாக்கு’ என்னும் சொற்கள் உயிரோடு நடமாடுவது தமிழ். காமராசர் ஆட்சிக் காலத்தில் 1956இல் விரிந்த பள்ளி மதிய உணவுத் திட்டம் இன்று சத்துணவாகத் தொடர்கின்றது. 2022 முதல் தொடக்கப்பள்ளிகளில் காலையுணவும் வழங்கப்பட்டு வருகின்றது. அவ்வுணவில் மாணவர் தாம் வளர்த்த முருங்கைக் கீரையும் கறிவேப்பிலையும் ஒருநாள் சேருமாயின், அன்றைய உணவின் சுவையை அவர்கள் வாழ்நாளெல்லாம் மறவார். நன்றாகப் படித்தவனுக்குப் பரிசாகத் தோட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுங்கள். அப்போது அவ்வேலையின் மதிப்பு தானே உயரும்.

‘பாத்தி’ என்னும் சொல்லுக்குப் பகுக்கப்பட்டது என்பது பொருள். ‘பகு’ என்பதே அதன் வேர். நிலத்தைப் பகுத்தமைப்பதால் அப்பெயர் வந்தது. ஆனால், என் பாத்தி எனக்கு வேறொரு பகுத்தலையும் கற்பித்தது. ஐந்து அவரைக்கொடி ஒருங்கே காய்க்கும்போது ஒரு வீட்டார் உண்டு தீர்க்க இயலாது. அடுத்த வீட்டிற்கு ஒரு கூடை செல்கின்றது. அங்கிருந்து ஒருநாள் நான்கு எலுமிச்சை வருகின்றது. பல்லாண்டு சுவருக்கு இருபுறமும் முகமறியாது வாழ்ந்தவர் இப்போது சுவரின்மேல் கைநீட்டிப் பேசிக்கொள்கின்றோம். கடையில் வாங்கிய காயை எவரும் இவ்வாறு பகிர்ந்ததை யான் கண்டதில்லை.

இளைஞர்களே! பெரிய நிலம் வேண்டா, பெரும்பொருள் வேண்டா. வீட்டோரத்தில் நாலடி இடம் தேடுங்கள். கல்லடுக்கி மேடு கட்டுங்கள். ஒரு பிடி விதை தூவுங்கள். முதல் மழையில் சில அழியும், மனம் தளராதீர்கள். அழிந்தது ஏன் என்று மண்ணைக் கேளுங்கள். மண் அறிந்தவரையும் கேளுங்கள். உங்கள் கையால் விளைந்த முதற் கீரையைத் தாயின் கையில் கொடுங்கள். இரண்டாம் பிடியை அடுத்த வீட்டிற்குக் கொடுங்கள். நூலில் கற்றது அன்று உங்கள் கையிலும் வந்து தங்கும்.